தண்ணீர் பாட்டிலும் ஆட்டோ வாடகையும்

கேள்வி: காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, கல்யாண ஆர்டர் என்று ஐந்து வருடமாகத் தொழில் ஓடுகிறது. இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும் சேர்த்துப் பதினோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். அப்பச்சி (அப்பா) சிறுநீரகம் செயலிழந்து மூன்று வருடம் டயாலிசிஸில் இருந்து, போன கார்த்திகையில் தவறிவிட்டார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் அளந்து வைப்போம். சித்திரை வெயிலில் குடிக்காமல் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எங்களிடம் கார் இருந்தது, கூட்டிவந்துவிடுவோம். அவரோடு டயாலிசிஸ் செய்துகொண்ட மற்றவர்கள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அவர்களுக்கு ஏதாவது செய்ய ஆசை. அக்கா மகன், "சின்னாத்தா, அழுதுக்கிட்டே ஒரு வீடியோ போடுங்க, பின்னாடி சோக மியூசிக் போட்டா ஒரே நாள்ல லட்சம் வரும்" என்கிறான். எடுத்துப் பார்த்தோம். கேமராவைப் பார்த்ததும் கண்ணீர் நின்றுவிட்டது. மறுபடி எடுத்தபோது நடிப்பதுபோல் இருந்தது, கூசிப்போய் விட்டுவிட்டேன். ஆத்தாவோ, "கொடுக்கிறதை ஊருக்குக் காட்டக் கூடாது, அப்பச்சி பேரைச் சந்தைக்குக் கொண்டுவராதே" என்கிறார். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் பணம் அனுப்பத் தயார். என் ஜிபே நம்பரைப் போட்டுவிடலாமா? எப்படித் தொடங்குவது?
– வாசகி, காரைக்குடி

பதில்: கேமராவைப் பார்த்ததும் கண்ணீர் நின்றதில் உங்கள் தவறு ஏதும் இல்லை. துக்கம் அப்படித்தான், கூப்பிட்ட நேரத்துக்கு வராது. இரண்டாவது தடவை எடுக்கும்போது கூசியது பாருங்கள், அந்தக் கூச்சத்தை நம்புங்கள். இனி இந்த வேலையில் எது சரி, எது சரியில்லை என்று தெரியாமல் நிற்கும்போதெல்லாம் அதுதான் உங்களுக்கு அளவுகோல்.

அழுகை வீடியோ பணம் கொண்டுவராது என்று நான் சொல்லமாட்டேன். சோக முகத்தைப் பார்த்தால் மனிதர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று ஆய்வுகளே சொல்கின்றன. சிக்கல் அடுத்த மாதம் வரும். டயாலிசிஸ் ஒரு தடவையோடு முடியும் செலவு அல்ல. ஆறு மாதம் பணம் திரட்ட வேண்டுமானால் ஆறு மாதமும் அழ வேண்டும். முதல் வீடியோவில் உண்மையாக வந்த கண்ணீரை மூன்றாவது வீடியோவுக்கு வரவழைக்க வேண்டியிருக்கும். அப்போது அப்பச்சியை நினைப்பதே உங்களுக்கு ஒரு வேலையாகிவிடும். தவறி ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், லட்ச ரூபாய்க்காக நீங்கள் அதை விலையாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, கண்ணீருக்குப் பதிலாக என்ன இருக்கிறது? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அரை லிட்டர் பாட்டில், குடிக்காமல் கையில் பிடித்தபடி ஒருவர், வெளியே பஸ்ஸுக்கு நிற்கும் மற்றவர்கள். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். "மனசு உடைஞ்சு போச்சு" என்று பத்துத் தடவை சொன்னாலும் வராத உணர்ச்சி அந்தப் பாட்டிலில் வந்துவிட்டது. சிறுநீரகம் செயலிழந்தால் உடம்பில் சேரும் நீர் வெளியேற வழியில்லை, மூச்சு முட்டும். அதனால்தான் அந்த அளவு. இது தெரியாதவர்கள் உங்களைப் பின்தொடர்பவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள்.

2007இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களின் கையில் 5 டாலர் இருந்தது. ஆப்பிரிக்கப் பஞ்சத்தைப் பற்றிய புள்ளிவிவரங்களை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். மாலி நாட்டுச் சிறுமி ரோக்கியாவைப் பற்றி மட்டும் படித்தவர்கள் 2.38 டாலர் கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை 1.43க்கு இறங்கிவிட்டது. இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: நாட்டில் எத்தனை பேருக்குச் சிறுநீரக நோய் என்ற கணக்கு உங்கள் பதிவுக்கு வேண்டாம். ஒரு மனிதர், ஒரு பொருள், ஒரு தேவை போதும்.

தேவையைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "டயாலிசிஸ் செலவுக்கு உதவுங்கள்" என்று எழுதிவிடுவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும், அரசு மருத்துவமனையிலும் செய்கிறார்கள். விவரம் தெரிந்த ஒருவர் பதிவின் கீழே வந்து "இது இலவசம்தானே, எதற்கு வசூல்?" என்று கேட்டால் நீங்கள் பதில் இல்லாமல் நிற்பீர்கள். அதனால் எழுதும் முன், அந்தக் குடும்பங்களிடம் உட்கார்ந்து, போன மாதம் கையை விட்டு எது போனது என்று கேளுங்கள். காப்பீட்டு அட்டை இல்லாதவர் இருந்தால், வசூலுக்கு முன் அதை வாங்கிக் கொடுப்பதுதான் பெரிய உதவி. மற்றவர்கள் பெரும்பாலும் சொல்லப்போவது போக்குவரத்து, துணைக்கு வருபவர் இழக்கும் நாள்கூலி, வெளியே வாங்கும் மருந்து. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே என்று தோன்றலாம். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருந்துவிட்டு ரத்த அழுத்தம் இறங்கி வெளியே வருபவருக்கு டிக்கெட் காசு பிரச்சினையில்லை, நிற்கத் தெம்பில்லாததுதான் பிரச்சினை. பள்ளத்தூருக்கோ புதுவயலுக்கோ அவர் ஆட்டோவில்தான் போயாக வேண்டும்.

ஆகவே ஆட்டோவைக் கேளுங்கள். கணக்கு இப்படி வரும். போக வர 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், உங்கள் பகுதி வாடகையை விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். வாரம் மூன்று முறை, 26 வாரம், ஐந்து பேர். மொத்தம் 390 நடை, 1,17,000 ரூபாய். "எங்களால் முடிந்ததைச் செய்கிறோம்" என்பதைவிட "390 நடை" என்பது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். 300 ரூபாய் கொடுப்பவருக்கும் தான் என்ன கொடுத்தோம் என்று தெரியும். ஐந்து பேருக்கு மேல் இப்போது வேண்டாம். ஆறாவது நபர் கேட்டு வருவார், மனசு கேட்காது. இருந்தாலும், பாதியில் நிறுத்தப்படும் உதவி, கொடுக்காமலே இருப்பதைவிடக் கொடுமையானது. ஐந்தை முழுதாக முடித்துவிட்டு ஆறைப் பற்றி யோசியுங்கள்.

பதிவு கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

"அப்பச்சிக்கு டாக்டர் சொன்ன அளவு, ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். இந்தப் பாட்டிலில்தான் அளந்து வைப்போம். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவருக்கு நடக்கத் தெம்பிருக்காது. எங்களிடம் கார் இருந்தது. பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு ஆறு மாதம் ஆட்டோ ஏற்பாடு செய்கிறோம். மொத்தம் 390 நடை, ஒரு நடைக்கு 300 ரூபாய். ஒன்றோ இரண்டோ நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் 'ஆட்டோ' என்று அனுப்புங்கள், டிரஸ்டின் விவரம் தருகிறேன்."

இதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். உங்கள் வாயில் வரும் சொற்களில் மாற்றி எழுதி, இரண்டு நாள் கிடப்பில் போட்டுவிட்டு, அப்பச்சியை நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு, ஆத்தாவுக்கே வேண்டுமானாலும், சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது நாக்கு எங்கே தயங்குகிறதோ அந்த வரியை எடுத்துவிடுங்கள். முதல் ஓரிரு வரிதான் திரையில் தெரியும், மீதியைத் தட்டித்தான் திறக்க வேண்டும். "அன்பார்ந்த நண்பர்களே" என்று தொடங்கினால் பாட்டில் உள்ளே போய்விடும்.

வீடியோதான் வேண்டும் என்று அக்கா மகன் பிடிவாதம் பிடித்தால், அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். நீங்கள் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதுபோல் இதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவன் பாட்டிலையும், அப்பச்சி உட்காரும் இடத்தையும், மாவு பிழியும் உங்கள் கைகளையும் படம் எடுத்து அதன் மேல் அந்தக் குரலைச் சேர்க்கட்டும். ஒரு நிமிடம் போதும், இசை வேண்டாம். பேசும்போது குரல் உடைந்தால் வெட்ட வேண்டாம். உடைய வைப்பதற்காக மறுபடி எடுக்கவும் வேண்டாம்.

"பகிருங்கள்" என்று முதல் பதிவில் கேட்காமல், வாட்ஸ்அப்பில் ஒரு சொல் அனுப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆதரவை எல்லாரும் பார்க்கும்படி காட்டிவிட்டவர்கள், பிறகு உண்மையான உதவி கேட்கும்போது, தனியாக ஆதரவு தெரிவித்தவர்களைவிடக் குறைவாகவே முன்வந்தார்கள் என்று கனடாவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. போரில் இறந்தவர்களின் நினைவு நாளுக்கான பாப்பிப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டவர்களையும் உறையில் போட்டு வாங்கிக்கொண்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பகிர்ந்ததே உதவிதான் என்று மனசு கணக்கை முடித்துக்கொள்கிறது.

இனி ஆத்தா சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதி மிக முக்கியமானது.

செட்டிநாட்டில் கொடை என்றைக்குமே மறைவாக நடந்ததில்லை. கோயில் சுவரில் உபயம் எழுதியிருக்கிறது. வியாபாரத்தில் இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள், அதற்குக் கணக்கும் வைத்தார்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வருவதற்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தது ஊரறிந்த செய்தி. ஆனால் இவற்றில் எதிலும் வாங்கியவரின் வறுமை எழுதப்படவில்லை. யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், எப்போது கொடுத்தார் என்பதோடு கல்வெட்டு நின்றுவிடுகிறது. அன்னதானத்தில் சாப்பிட்டவர் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. ஆத்தாவிடம் இதைச் சொல்லுங்கள்: அப்பச்சி பெயரில் கொடுப்பதை ஊரறியச் சொல்வோம், வாங்குபவர் யார் என்பதைச் சொல்லமாட்டோம். அவர் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். அப்பச்சியின் படத்தைப் போடக்கூடாது என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். கணவரை இழந்தவர் அவர், அந்த முடிவு அவருடையது. பாட்டில் போதும்.

வாங்குபவரின் அடையாளத்தை மறைப்பது இங்கே நீங்கள் நினைப்பதைவிடக் கடினம். முகத்தை மங்கலாக்கினால் போதாது. திண்ணைத் தூணைப் பார்த்தால் எந்த வீடு என்று ஊர் சொல்லிவிடும். தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் பூவைப் பார்த்தே "இது இன்னார் வீட்டு வளவு" என்பார்கள். ஒரு காலத்தில் வாழ்ந்து நொடித்த குடும்பமாக இருந்தால், அந்த ஒரு படம் அவர்களைக் கொன்றுபோடும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே வீட்டுக்குள் படம் எடுக்காதீர்கள். ஆட்டோவின் முன் சக்கரம், மருந்துப் பை, இருக்கையில் வைத்த கை ஆகியவையே அதிகம். கையை எடுத்தாலும், ஊசி போடுவதற்காக அறுவை செய்து நரம்பு புடைத்திருக்கும் கையை எடுக்க வேண்டாம், அடையாளம் காட்டிவிடும். மருத்துவச் சீட்டு, ஆதார், ரேஷன் கார்டு, நோயாளி எண் எதுவும் படத்தில் வரக்கூடாது. குழந்தைகள் படம் வேண்டவே வேண்டாம்.

ஒருவர் தாமாகவே பேச முன்வந்தாலும் அவசரப்படாதீர்கள். உதவியை முதலில் தொடங்கிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து, டயாலிசிஸ் இல்லாத நாளில், வீட்டார் ஒருவரும் உடன் இருக்கும்போது கேளுங்கள். இயந்திரத்தில் படுத்திருப்பவரிடம் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. போடப்போகும் பதிவை அப்படியே படித்துக் காட்டுங்கள். "வேண்டாம்னு சொன்னாலும் ஆட்டோ வரும்" என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர்களாகப் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். பிறகு மனம் மாறினால் ஒரு போன் போதும், அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

ஜிபே நம்பரைப் போடலாமா என்று கேட்டீர்கள். போடக்கூடாது. உறவினரல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்குக்கு வந்தால், முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரி வரலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, அனுப்பியவர்களில் ஒருவருடைய பணம் ஏதாவது இணைய மோசடிப் புகாரோடு தொடர்புடையதாக இருந்தால் உங்கள் கணக்கை வங்கி முடக்கிவைக்கக்கூடும். பலகார ஆர்டருக்கு வாங்கிய முன்பணமும் அதில் மாட்டிக்கொள்ளும், தீபாவளி நேரத்தில் வெல்லமும் எண்ணெயும் வாங்கக் கையில் காசிருக்காது.

ஏற்கெனவே இயங்கும் ஒரு டிரஸ்டோடு சேருங்கள். வருமான வரித் துறையின் பதிவும், 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச்சலுகைக்கான அனுமதியும் நடப்பில் இருக்கின்றனவா என்று சான்றிதழ் நகலைக் கேட்டுப் பாருங்கள். தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெயர் இருக்கிறதா என்றும் தேடுங்கள். மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: இந்தப் பணம் ஆட்டோவுக்கு மட்டும்தான், மாதா மாதம் கணக்கு தருவார்கள், நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம் எடுப்பார்கள். எடுத்தால் தவறில்லை, பதிவில் அதைச் சொல்லிவிடுங்கள். வரிச்சலுகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது. வேண்டுபவர்கள் பான் எண்ணை டிரஸ்டுக்குத்தான் தர வேண்டும், உங்களுக்கு அல்ல.

சிங்கப்பூர், மலேசியாச் சொந்தங்கள் விஷயத்தில் கவனம் தேவை. வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. டிரஸ்ட் அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் பிறந்தது கண்டனூரே ஆனாலும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையே வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்க முடியும், அதுவும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள தனிக்கணக்கில்தான். நீங்கள் சேரும் டிரஸ்டுக்கு அது இல்லையென்றால் அந்தச் சொந்தங்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். "ஊருக்கு வரும்போது கையில் தருகிறேன்" என்பதும் சட்டத்தின் கண்ணில் அதேதான்.

க்யூஆர் படத்தைப் பொதுவில் போடாமல் கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள். உங்கள் பதிவை அப்படியே நகலெடுத்து, வேறு க்யூஆரைச் சேர்த்துப் போலிப் பக்கம் தொடங்குவது இப்போது சாதாரணம். "பின் நம்பர் போடுவதற்கு முன் திரையில் டிரஸ்டின் பெயர் வருகிறதா என்று பாருங்கள்" என்று ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள். இன்னொரு வகையும் உண்டு: ஒருவர் போன் செய்து "ஐம்பதாயிரம் தருகிறேன், நான் அனுப்பும் க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்" என்பார். பணம் வாங்க 'பின்' நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930க்கு அழைக்க வேண்டும்.

கணக்கு போடுவது உங்களுக்குப் புதிதல்ல, மொய் நோட்டு பார்த்து வளர்ந்தவர் நீங்கள். ஊர், பெயரின் முதல் எழுத்து, எத்தனை நடை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த நோட்டின் பக்கத்தையே படம் எடுத்துப் போடுங்கள். கையெழுத்தில் இருப்பதே நல்லது. பெயர் வேண்டாம் என்பவருக்கு ஊர் மட்டும். கீழே ஒரு வரி: "390இல் இதுவரை இத்தனை நடை சேர்ந்தது, இத்தனை ஓடியது." ஒரு வாரம் யாரும் தரவில்லையென்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஆட்டோக்காரர் வராமல் ஒருவர் பஸ்ஸில் போக நேர்ந்தால் அதையும் எழுதுங்கள். ஆட்டோக்காரர்களுக்கு டிரஸ்ட் நேரடியாக, நோயாளி கையெழுத்திட்ட நடைச் சீட்டைப் பார்த்து, வாரம் ஒரு முறை பணம் கொடுக்கட்டும். ரொக்கம் உங்கள் கை வழியாகப் போக வேண்டியதே இல்லை.

பலகாரத்திலிருந்தும் கொடுக்க விரும்பினால், "லாபத்தில் ஒரு பகுதி" என்று எழுதாதீர்கள், யாருக்கும் அது எவ்வளவு என்று தெரியாது. "மணகோலம் கிலோவுக்கு 20 ரூபாய் மகமை, புரட்டாசி கடைசி வரை" என்று எழுதுங்கள். அந்தப் பணம் உங்கள் கடையின் நன்கொடை. வாங்கியவருக்கு ரசீதோ வரிச்சலுகையோ கிடையாது என்பதைக் கேட்பவரிடம் சொல்லிவிடுங்கள். டயாலிசிஸ் பதிவிலேயே விலைப்பட்டியலைச் சேர்க்க வேண்டாம், வேறொரு நாளில் தனியாகப் போடுங்கள்.

பதிவின் கீழே "அப்பச்சி செத்ததை வைத்து வியாபாரமா?" என்று யாராவது எழுதத்தான் செய்வார்கள். ஒரு தடவை, ஒரு வரியில், கணக்குப் பக்கத்தைக் காட்டுங்கள். இரண்டாவது தடவை பதில் வேண்டாம். ஆறுதல் சொல்பவர்களுக்கும் எல்லாருக்கும் உடனே பதில் எழுத வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு நூறு "ஆழ்ந்த இரங்கல்" படித்தால் தூக்கம் போய்விடும். அக்கா மகனிடம் போனைக் கொடுத்து, கேள்விகளை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஐந்து குடும்பங்களைப் பார்ப்பது, ஆட்டோ வாடகையை விசாரிப்பது, டிரஸ்டிடம் சான்றிதழ் கேட்பது. பதிவு அதற்கு அடுத்த வாரம்தான். முடியும் நாளையும் அதிலேயே குறிப்பிடுங்கள். கார்த்திகையில் அப்பச்சியின் திதி வருகிறது, அதற்கு ஒரு வாரம் முன்பே கடைசிக் கணக்கைப் போட்டு வசூலை மூடிவிடுங்கள். திதியன்று போனைத் தொட வேண்டாம், அன்றைக்கு ஆத்தாவோடு இருங்கள்.